பியர் ஆலைகளின் ஆடைகளும் அடக்கமான சின்னமும்

மேல்நாடுகளில் பியர் காய்ச்சும் ஆலைகள் தம் பானத்தோடு ஆடைகளையும் விற்று வருகின்றன என்பது நம் அங்கத்தினர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அரைக்கைப் பனியன், பின்னிய குல்லாய், முக்காடு வைத்துத் தைத்த கனத்த மேற்சட்டை, சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன், துணிப்பை ஆகிய யாவும் ஆலையின் வாயிலிலேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1759ஆம் ஆண்டு ஆர்தர் கின்னஸ் என்பவர் தொடங்கிய ஆலை உலகறிந்தது. அந்த ஆலையார் தம் பழைய நொதிப்புக் கட்டிடம் ஒன்றை 2000ஆம் ஆண்டில் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கத் திறந்தபோது, கீழ்த்தளத்தில் ஆடையும் பிறவும் விற்கும் பெரிய கடை ஒன்றையும் சேர்த்தே அமைத்தார்கள். இன்று சிற்றூரில் நான்கு பேர் கூடி நடத்தும் சிறு பியர் ஆலையிலும் ஒரு மூலையில் பனியன் அடுக்கு இருக்கவே செய்கிறது. அமெரிக்காவில் 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவாக இருந்த பியர் ஆலைகள் இன்று ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டிருப்பதை நினைத்தால், இவ்வித ஆடை எவ்வளவு உற்பத்தியாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மதுவின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடிய நேயர்கள் உண்டு. அவர்களுடைய மனப்பான்மையில் நியாயம் இல்லை என்று சொல்ல நான் முற்படவில்லை. அவ்விஷயத்திற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் அந்த ஆடைகளில் பெரும் பகுதி பருத்தி. பருத்திப் பனியன் என்றால் திருப்பூரின் பேச்சு வராமல் இராது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அந்த ஒரு நகரைச் சுற்றியே நடைபெறுகிறது. தைத்து முடிந்த பனியனில் எந்தச் சின்னம் ஏறப்போகிறது என்பது தைப்பவருக்குத் தெரிவதும் உண்டு. வெற்றுப் பனியனாகக் கப்பலேறி அக்கரையில் அச்சு ஏறுவதும் உண்டு. எப்படியாயினும் அந்தச் சின்னம் பெரிதாக இருக்க வேண்டுமா சிறிதாக இருக்க வேண்டுமா என்னும் கேள்வி, நூல் விளைவிப்பவனையும் துணி செய்பவனையும் தொடாமல் போகிற கேள்வி அல்ல. அதைக் காட்டவே இக்கட்டுரை.

பியர் ஆலைச் சட்டைகளைப் பொதுவாக இரண்டு ஜாதியாகப் பிரிக்கலாம். ஒன்று, கூவி அழைக்கும் சட்டை. முதுகு முழுவதும் ஒரு சித்திரம், ஐந்தாறு வர்ணம், மண்டையோடு, பூதம், குடித்துப் புரளும் கரடி, அல்லது ஒரு விகட வாசகம், ஆலையின் பெயர் கைப்பிடி அளவு எழுத்தில். இன்னொன்று, அடங்கிய சட்டை. ஒரே நிறத் துணி. இடது மார்பில் இரண்டு அங்குலத்திற்குள் ஒரு முத்திரை. சிலவற்றில் அதுவும் இன்றி, கீழ் மடிப்பின் ஓரத்தில் நகக்கண் அளவு நெய்த சீட்டு மட்டும். முன்னது விழாக் கூட்டத்தில் ஓடும். பின்னது வாங்கியவனிடம் ஆண்டுக்கணக்கில் ஓடும். அமெரிக்க ஆலைகள் நெடுங்காலமாக மார்பில் சிறு முத்திரை, முதுகில் பெருஞ்சித்திரம் என்று இரண்டையும் ஒரே சட்டையில் வைத்து இரு சாராரையும் திருப்தி செய்யப் பார்த்தன. வயது வந்து, வேலைக்குப் போய், வீடும் குடும்பமுமாக இருக்கும் பேர்வழிகள் பலர் இப்போது முதுகுச் சித்திரம் வேண்டாம், மார்பு முத்திரை போதும் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எளியது: அப்படிப்பட்ட சட்டையைத்தான் அலுவலகத்துக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் மாமனார் வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போக முடியும்.

சிறு அடையாளத்தின் சக்தியை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேட்டியின் விரற்கடை அகலக் கரையைக் கொண்டே, தெருக்கோடியில் வருகிறவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடுகிற நாடு நம்முடையது. அந்தக் கரையையே ஒரு முழம் அகலமாக நெய்தால் யார் கட்டுவார்கள்? ‘குண்டஞ்சு’ வேட்டியின் அழகு எங்கே இருக்கிறது என்று சேலத்து நெசவாளரைக் கேட்டால், கரையை மட்டும் அவர் காட்டமாட்டார். வெள்ளைப் பரப்பைத்தான் முதலில் தடவிக் காட்டுவார்.

பியர் ஆலைகளின் பழைய முத்திரைகளும் அவ்வகையில் வந்தவையே. இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டு வியாபாரச் சின்னங்களைப் பதிவு செய்வதற்கென்று சட்டம் செய்யப்பட்டு, 1876 ஜனவரி முதல் தேதியன்று பதிவு தொடங்கியது. அன்று முதலாவது எண்ணாகப் பதிவானது, பர்ட்டன் நகரத்து பாஸ் ஆலையின் செங்கோணம். ஒரு சிவப்பு முக்கோணம், அவ்வளவே. ஆலையின் சிப்பந்தி முதல் நாள் இரவே அலுவலக வாசலில் காத்துக் கிடந்தான் என்று ஒரு கதை வழங்கி வருகிறது. மானே என்ற பிரெஞ்சு ஓவியர் 1882இல் பாரிஸ் நகரத்துக் கேளிக்கைக் கூடம் ஒன்றின் விற்பனைப் பெண்ணைத் தீட்டிய படம் பிரசித்தமானது. அதில் மேஜைமேல் நிற்கும் புட்டிகள் எந்த ஆலையுடையவை என்று கண்டுகொள்ள யாரும் எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை, முக்கோணம் தெரிகிறது. கின்னஸ் ஆலையார் 1862 முதல் தம் சீட்டில் யாழ் வடிவத்தை வைத்து, 1876இல் பதிவும் செய்துகொண்டார்கள். பின்னர் 1922இல் அயர்லாந்து தன்னாட்சி பெற்று அதே யாழைத் தன் அரசு முத்திரையாகக் கொண்டபோது, ஆலையின் யாழ் நோக்கும் திசைக்கு எதிர்த்திசையில் அதைத் திருப்பி வைத்துக்கொள்ள நேர்ந்தது. ஒரு ராஜ்யமே ஒரு வியாபார முத்திரைக்கு ஒதுங்கி வழிவிட்டது!

பெல்ஜியத்தில் ஓர்வால் என்ற இடத்து மடத்துத் துறவிகளின் பியருக்கு முத்திரை, வாயில் மோதிரம் கவ்விய ஒரு மீன். டஸ்கனி நாட்டுப் பிரபு குலத்து மாது மெட்டில்டா என்பவர் ஊற்றில் தவற விட்ட மோதிரத்தை மீன் ஒன்று கொண்டுவந்து தந்தது என்று அவ்வூர்க் கதை கூறும். சகுந்தலையின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு உரை எழுத வேண்டாம். அதே நாட்டில் வெஸ்ட்வ்லெட்டெரென் மடத்துத் துறவிகள் அதற்கும் ஒருபடி மேலே போய், பல்லாண்டுகள் புட்டியில் சீட்டே ஒட்டாமல், சட்டப்படி எழுத வேண்டியதை மூடியில் மட்டும் எழுதி விற்று வந்தார்கள். வாங்குவோர் கூட்டம் குறையவில்லை.

இவற்றையெல்லாம்விட நம் கூட்டுறவு அங்கத்தினர்களுக்கு உகந்தது ஜெர்மனியின் ஓபர்ஃபால்ஸ் பிரதேசத்து வழக்கம். அங்கே விண்டிஷெஷென்பாக், நொய்ஹவுஸ், மிட்டர்டைக், ஃபால்கென்பெர்க், எஸ்லார்ன் என்னும் ஐந்து ஊர்களில், பியர் காய்ச்சும் பாத்தியதை உள்ள வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் பொதுவான ஒரே காய்ச்சும் கூடத்தை முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். காய்ச்சிய சாற்றை அவரவர் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய் நொதிக்க வைப்பார்கள். பியர் பதமாகிவிட்டால் வீட்டு வாசலில் ஒரு கழியின் முனையில் ஆறுமுனை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். ‘ட்சோய்கல்’ என்று அதற்குப் பெயர். பெயர்ப்பலகை கிடையாது, விலைப்பட்டியல் கிடையாது. நட்சத்திரம் தொங்கினால் உள்ளே வரலாம். இல்லாவிட்டால் அது வெறும் வீடு. இரண்டு முக்கோணங்களைக் கோத்த அந்த நட்சத்திரத்தில் ஒரு முக்கோணம் தீ, நீர், காற்று மூன்றையும், மற்றொன்று தண்ணீர், முளைகட்டிய வாற்கோதுமை, ஹாப்ஸ் என்னும் பூக்காய் மூன்றையும் குறிக்கும் என்பார்கள். ஜெர்மனி தேசத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2018இல் இந்த வழக்கம் சேர்க்கப்பட்டது. ஒரு சங்கத்தின் சின்னம் எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியிருக்கக் கூவி அழைக்கும் சட்டை எங்கிருந்து வந்தது? போட்டியிலிருந்துதான். ஆயிரக்கணக்கான ஆலைகள் ஒரே காலத்தில் முளைத்தபோது, ஒவ்வொன்றும் மற்றதைவிட உரக்கக் கத்த வேண்டியதாயிற்று. பானத்தின் பெயரே விகடமாயிற்று, பிறகு விரசமாயிற்று. ஸ்திரீகளை இழிவு செய்யும் படங்களும் பெயர்களும் புட்டியிலிருந்து சட்டைக்கு ஏறின. இங்கிலாந்தில் மரபுமுறைப் பியரைக் காப்பதற்கென்று 1971இல் தோன்றிய ‘காம்ரா’ என்னும் அமைப்பு, பல ஆண்டுகள் தேசிய அளவில் பியர் விழா நடத்தி வந்தது. அந்த அமைப்பே 2019ஆம் ஆண்டு விழாவில் அப்படிப்பட்ட பெயரும் படமும் தாங்கிய பானங்களை உள்ளே விடுவதில்லை என்று தடுத்துவிட்டது. குடிப்பவர்களுக்கே அது சலித்துப்போயிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டாம். சட்டை போட்டவன் கடைத்தெருவில் நடந்து போகும்போது எதிரே வரும் பெண்மணி முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பு ஆலைக்காரனுக்கு அல்ல, சட்டைக்காரனுக்கே.

இன்னொரு நியாயமும் உண்டு. விளம்பரப் பலகை வைக்கிறவன் சுவருக்கு வாடகை தருகிறான். பியர் ஆலைச் சட்டையில் சுவர்தான் காசு கொடுக்கிறது! காசு கொடுத்துச் சுவராக நிற்கச் சம்மதிக்கிறவன், ‘பலகையாவது சிறியதாக இருக்கட்டும்’ என்று கேட்பதில் வியப்பென்ன?

இனித் தொழில் விஷயத்திற்கு வருவோம். இங்கேதான் நம்மவருடைய லாப நஷ்டம் இருக்கிறது.

பெரிய சித்திரத்தைப் பனியனில் ஏற்றுவதற்கு வழக்கமான முறை ஸ்க்ரீன் பிரிண்டிங். வர்ணத்துக்கு ஒரு சட்டம் கட்ட வேண்டும். ஐந்து வர்ணமானால் ஐந்து சட்டம்; ஐந்தும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். பிசகினால் சரக்கு ‘செகண்ட்ஸ்’. மேல்நாட்டில் மிகுதியும் வழங்கும் ‘பிளாஸ்டிசால்’ என்னும் மை, பி.வி.சி. பொடியை நெகிழ்ப்பானில் கலந்த பசை. நூற்றறுபது டிகிரி அளவு சூட்டில் இறுகும். அது நூலுக்குள் இறங்குவதில்லை; துணியின்மேல் ஒரு தோல்போலப் படிகிறது. முதுகு முழுவதும் அப்படிப் படிந்தால் அந்த இடத்தில் பருத்தியால் பயன் இல்லை: வியர்வையை உறிஞ்சாது, காற்றுப் போகாது, சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் ஒட்டிக்கொள்ளும், சரியாக இறுகாத மை சலவைக்குச் சலவை வெடித்து உதிரும். தண்ணீர் மை நூலுக்குள் இறங்கி மெத்தென்று இருக்கும். ஆனால் கறுப்புத் துணியில் எடுபடாது. அடிச்சாயத்தை நீக்கி, நீக்கிய இடத்தில் வர்ணம் ஏற்றும் ‘டிஸ்சார்ஜ்’ முறை கைக்கு மெத்தென்று இருப்பினும் எல்லாச் சாயமும் அதற்கு வசப்படாது. பட்டறையில் அதன் நெடி சகிக்க முடியாதது.

பெரிய அச்சில் எனக்குள்ள முதல் புகார் இவை எதுவும் அல்ல. பெரிய அச்சு துணியை மறைத்துவிடுகிறது என்பதே. முதுகும் மார்பும் சித்திரத்தால் மூடப்படும் என்று தெரிந்த கொள்முதல்காரர், கீழே என்ன துணி இருக்கிறது என்று கவலைப்படுவதில்லை. நூலில் இரண்டு பைசா குறையுங்கள், துணி எடையில் பத்துக் கிராம் குறையுங்கள் என்று கேட்பார். கோம்பு செய்த நூலுக்குப் பதில் கார்டு நூல் வந்து சேரும். சட்டையின் விலையில் மைக்கும் சித்திரத்துக்கும் போகிற பங்கு ஏற, நூலுக்கும் பின்னலுக்கும் உரிய பங்கு இறங்கும். இது கணக்குத் தணிக்கை செய்கிறவன் கண்ணுக்கு உடனே படுகிற விஷயம்.

சின்னம் இரண்டு அங்குலமாகச் சுருங்கினால் என்ன நடக்கிறது? மீதிச் சட்டை முழுவதும் துணி, வெறுந்துணி. ஒளிந்துகொள்ள இடமில்லை. நூலின் தடிப்பும் மெலிவும் தெரியும். பின்னல் எந்திரத்தில் ஓர் ஊசி தேய்ந்திருந்தால் மேலிருந்து கீழ்வரை கோடாகத் தெரியும். எண்ணெய்க் கறை தெரியும். சாயம் ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கியிருந்தால் தெரியும். நூலில் முறுக்கு மிஞ்சினால் இரண்டாவது சலவையில் பக்கத் தையல் வயிற்றுக்கு வந்து நிற்கும். சுருக்கம் எடுக்காத துணியானால் தொப்புள் தெரியும். ஆகவே அடங்கிய சின்னத்தை விரும்புகிற ஆலை, நல்ல துணியை விரும்பித்தான் ஆகவேண்டும். அதற்கு உரிய கிரயத்தையும் தந்தாக வேண்டும். சின்னத்தின் அடக்கம் குடிப்பவரின் ரசனை மாத்திரம் அன்று. நூற்பவர், பின்னுபவர், சாயம் தோய்ப்பவர், தைப்பவர் எல்லாருடைய வேலையும் வெளிச்சத்துக்கு வருவதும் அதனால்தான்.

சிறிய சின்னத்திற்கும் அதற்குரிய தொல்லைகள் உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. மெல்லிய பனியன் துணியில் எம்பிராய்டரி போட்டால் துணி சுருங்கிக் கொசுவும். பின்னால் ஒட்டும் தாள் மார்பில் உறுத்தும். அவ்விடத்தில் அச்சே மேல், அல்லது நெய்த சீட்டைத் தைத்துவிடலாம். கனத்த மேற்சட்டைக்கும் ஏப்ரனுக்கும் தொப்பிக்கும் எம்பிராய்டரி பொருந்தும். கூலி தையல் எண்ணிக்கையைப் பொறுத்தது. சிறு முத்திரையும் சில ஆயிரம் தையல் தின்னும். மூன்றங்குல எழுத்தில் தெரியாத பிசகு அரையங்குல எழுத்தில் பல்லைக் காட்டும். ‘சிறியதுதானே’ என்று மட்டமாக நினைத்து ஒப்புக்கொண்ட பட்டறைகள் கையைச் சுட்டுக்கொண்டதை அறிவேன்.

சாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பியர் ஆலைச் சட்டைகளில் கறுப்பே அதிகம். அடர்ந்த கறுப்புக்குச் சாயமும் உப்பும் மிகுதியாக வேண்டும். அந்த உப்பு எங்கே போகிறது என்பது நொய்யல் கரைக்காரர்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட நாட்களை அவ்வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அதன்பின் கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் வரவேண்டியதாயிற்று. சின்னத்தைச் சிறிதாக்கியதனால் மட்டும் சட்டை அடக்கமாகிவிட்டது என்று நான் கொண்டாடமாட்டேன். வாற்கோதுமை நிறத்திலோ, வெளுக்காத பருத்தியின் இயற்கை நிறத்திலோ துணியும், அதில் ஒரே வர்ணத்தில் ஒரு கதிரும் போதும் என்று ஆலைகள் தேர்ந்தெடுக்குமானால் அது முழு அடக்கம். அப்படி வாங்குவோர் இன்னும் சிலரே.

சரக்குத் தேக்கத்தைப் பற்றி நம் சங்கங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தள்ளுபடிக் காலம் முடிந்த பின் கிடங்கைத் திறந்து பார்த்தவர்கள் நாம். கூவும் சட்டையில் விழாவின் பெயரும் வருஷமும் அச்சிடப்பட்டிருக்கும். விழா முடிந்த மறுநாள் அது பழைய பஞ்சாங்கம். விற்காதது துடைக்கும் துணியாகும். யாழோ, முக்கோணமோ, மீனோ மட்டும் உள்ள சட்டை இவ்வாண்டு விற்காவிட்டால் வரும் ஆண்டு விற்கும். ஆகையால் சிறிய ஆலைகள், குறைந்த எண்ணிக்கையில் நல்ல துணியில் எடுத்து, தீரத் தீர மறுபடியும் எடுப்பதே லாபம். அதே துணியை ஒரே சீராகத் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சங்கத்துக்கும் அது லாபமே. ஒரே தடவையில் மலைபோல வந்து மறைந்துவிடும் ஆர்டரைக் காட்டிலும், மாதாமாதம் நூறு இருநூறு என்று வருவது தறிக்கு நல்லது.

இனி, ஒத்திவைத்த கேள்விக்கு வருகிறேன். மதுவின் சின்னத்தை உடலில் சுமப்பதும், அதை நெய்து தைத்துக் கொடுப்பதும் மனச்சாட்சியைத் தொடும் விஷயம். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஹஷிம் ஆம்லாவை நேயர்களில் இளைஞர்கள் நன்கு அறிவர். 2004இல் கல்கத்தாவில் இந்தியாவை எதிர்த்து முதல் டெஸ்ட் ஆடியவர். பிற்காலத்தில் தம் நாட்டு அணித் தலைவராகவும் இருந்தவர். அந்த அணியின் சட்டையில் அக்காலத்தில் காஸில் என்னும் பியரின் சின்னம் இருந்தது. இஸ்லாமியராகிய அவர் தம் மதக் கொள்கைப்படி அச்சின்னம் இல்லாத சட்டையையே அணிந்து ஆடினார்; கிரிக்கெட் நிர்வாகிகளும் இசைந்தார்கள். இங்கிலாந்தில் லிவர்பூல் கால்பந்து அணியார் 1992 முதல் 2010 வரை மார்பில் கார்ல்ஸ்பெர்க் பியரின் பெயரைத் தாங்கி ஆடினார்கள். அணியின் சட்டையைப் போலவே தைத்துச் சிறுவர்களுக்கும் விற்பார்கள் அல்லவா? மது வியாபாரிகள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட விதிகளின்படி, 2008 முதல் சிறுவர் அளவுச் சட்டைகளில் மதுவின் பெயர் பொறிக்கலாகாது என்றாயிற்று. பிரான்ஸ் தேசமோ 1991ஆம் ஆண்டுச் சட்டத்தினால் விளையாட்டுக்கு மது வியாபாரிகள் பணம் கொடுத்து விளம்பரம் பெறுவதையே தடை செய்துவிட்டது. சின்னம் சுருங்கியது ரசனையால் மட்டும் அன்று, வெட்கத்தாலும் சட்டத்தாலும்கூட என்பதை மறைக்க வேண்டியதில்லை. குடிப்பழக்கத்தால் குடும்பம் நொடித்த வீடுகள் நெசவாளர் தெருக்களில் எத்தனை என்பதைச் சங்கத்தின் கடன் பேரேடே சொல்லும்.

என் வட்டத்துக்குட்பட்ட ஒரு கைத்தறிச் சங்கத்தில் சில காலத்துக்கு முன் இக்கேள்வி நேராகவே எழுந்தது. ஏற்றுமதி செய்யும் வியாபாரி ஒருவர் மூலமாக, ஐரோப்பியப் பியர் ஆலை ஒன்றுக்கு ஏப்ரன் துணி வேண்டும் என்று விசாரணை வந்தது. இயற்கை நிறக் கனத்த பருத்தித் துணி. மூலையில் சிறு முத்திரை. தைப்பதும் முத்திரை போடுவதும் வியாபாரியின் பொறுப்பு. நிர்வாகக் குழு தாமாக முடிவு செய்யாமல் பேரவைக் கூட்டத்தில் வைத்தது. அது முறையான காரியம்.

கூட்டத்தில் வாதம் பலமாகவே நடந்தது. ‘நாம் துணி நெய்கிறோம், கட்டுகிறவன் என்ன குடிக்கிறான் என்று என்றைக்குக் கேட்டோம்?’ என்றார் ஒருவர். ‘கள்ளுக்கடைக்காரரும் நம்மிடம் வேட்டி எடுத்தவர்தானே?’ என்றார் மற்றொருவர். ‘வேட்டி வேறு, கடையின் பெயரைச் சுமப்பது வேறு’ என்று மூன்றாமவர் மறுத்தார். நடுவயதுடைய பெண் அங்கத்தினர் ஒருவர், அதுவரை பேசாதிருந்தவர், எழுந்து, ‘தலைவரே, அதிலே என்ன போட்டிருக்கும்? புட்டி போட்டிருக்குமா?’ என்று கேட்டார். தலைவர் வியாபாரியின் கடிதத்தைப் பார்த்து, ‘தெரியவில்லை அக்கா, கேட்டுச் சொல்கிறோம்’ என்றார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

பதிலும் மாதிரிப் படமும் வந்தன. புட்டி இல்லை, கோப்பை இல்லை, ஆலையின் பெயரும் இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு ஹாப்ஸ் காய், துணியின் நிறத்தைவிடச் சற்றே கறுத்த நூலில். ஹாப்ஸ் பியருக்குக் கசப்பும் மணமும் தருவது. கொடியாக ஏறிப் படர்வது. ஜெர்மனியின் ஹாலர்டவ் பிரதேசத்தில் அதைப் பயிரிடும் குடியானவர்களுக்கென்றே சொந்தக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் உண்டு. இதை நான் எடுத்துச் சொன்னபோது விவசாய அங்கத்தினர்கள் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். மிளகுக் கொடிபோல இருக்குமா என்று ஒருவர் கேட்டார். கொடி உயரம், பந்தல், பறிப்புக் கூலி என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் தலைவர் மணி அடிக்க நேர்ந்தது.

தீர்மானம் பெரும்பான்மையால் நிறைவேறியது. சிலர் கை தூக்கவில்லை. மேற்சொன்ன அம்மையார் மறுபடி எழுந்தார். ‘படம் அடக்கமாகத்தான் இருக்கிறது. என்றாலும் என் தறியில் இது ஏற வேண்டாம், தலைவரே. என் வீட்டுக்காரரை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள்’ என்றார். அதற்குமேல் யாரும் எதுவும் பேசவில்லை. விருப்பமில்லாத அங்கத்தினரின் தறிக்கு அந்தப் பாவைக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு வழக்கமான வேட்டிப் பாவு குறையாமல் கொடுப்பது. கூலி விகிதத்தில் வித்தியாசம் கூடாது என்று தீர்மானத்தோடு ஒரு பிற்சேர்க்கை எழுதப்பட்டது. ஒத்திவைத்த கூட்டத்தில் நான் உடனிருந்தேன். பிற்சேர்க்கையின் வாசகத்தை அமைக்க உதவினேன்.

முதல் கட்டுத் துணி போயிற்று. ஊடையில் இழை விட்டுப்போன இடங்கள் இருப்பதாக ஏழு துண்டுகள் திரும்பி வந்தன. முத்திரை சிறியதாகையால் மறைக்க வழியில்லை என்று வியாபாரி எழுதியிருந்தார். குழு அதை ஒப்புக்கொண்டு, துணியை மடிக்கும் முன் இரண்டு பேர் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்தது. பார்க்கும் வேலைக்கு முன்வந்தவர்களில் அந்த அம்மையாரும் ஒருவர். துணியைப் பார்ப்பதில் தமக்கு ஆட்சேபணை இல்லையென்றும், பழுதான துணி சங்கத்தின் பெயரில் வெளியே போவதில்தான் ஆட்சேபணை என்றும் அவர் குழுவிடம் சொன்னதாக நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. இரண்டாவது கட்டில் ஒன்றும் திரும்பவில்லை.